நான்வெஜ் சீட்டு ஒட்டிய மல்லாட்டைக் குழம்பு

இந்த ஊரில் பகல் பதினொன்றரை ஆனால் போதும், எதிர்ப்படுகிறவர்கள் எல்லாரும் ‘மால்ட்சைட்!’ என்கிறார்கள். சாப்பாட்டு நேரம் என்று அர்த்தம். சாப்பிடப் போகிறவரும் சொல்கிறார், சாப்பிட்டுவிட்டு ஏப்பத்தோடு வருகிறவரும் சொல்கிறார். நான் செவிலியாக வேலை பார்க்கும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் வந்த புதிதில் ஒரு மருத்துவர் என்னைப் பார்த்து அப்படிச் சொல்ல, சாப்பிடத்தான் கூப்பிடுகிறார் போல என்று அவர் பின்னாலேயே கான்டீன் வாசல் வரைக்கும் போய்விட்டேன். அந்த மனிதர் திரும்பிப் பார்த்து, உங்களுக்கு ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்டார். நல்லவேளை, அப்போது எனக்கு அசடு வழிய மட்டும் ஜெர்மன் தெரிந்திருந்தது. நம்ம ஊரிலும் ‘சாப்ட்டியா?’ என்று கேட்டுவிட்டுப் பதிலுக்கு நிற்காமல் போகிறவர்கள் உண்டு. எங்கள் காலனியில் மட்டும் அது உண்மையான கேள்வி. இல்லை என்று சொல்லிவிட்டால் ஏதாவது ஒரு வீட்டிலிருந்து வட்டில் வந்துவிடும்.

கூட்டேரிப்பட்டிலிருந்து மயிலம் போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் காலனி. விழுப்புரத்தில் நர்சிங் படித்தேன், திண்டிவனத்தில் நான்கு வருடம் வேலை பார்த்தேன், இப்போது ஜெர்மனியின் காசல் நகரத்தில் எட்டாவது குளிர்காலம். என்னோடு வார்டில் வேலை பார்க்கும் சபீனாவுக்கு ஐம்பது வயது. ஒருநாள் என் டப்பாவில் இருந்த கேப்பைக் களி உருண்டையைப் பார்த்து, சாக்லேட்டா என்று கேட்டாள். வாயில் களி, அதனால் தலையை மட்டும் ஆட்டி இல்லை என்று காட்டினேன். நம் தலையாட்டல் அவளுக்கு ஆமாம் என்று பட்டிருக்க வேண்டும், ஆசையாக ஒரு கடி கடித்துவிட்டாள். அவள் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். மென்றாள், மென்றாள், மென்றுகொண்டே இருந்தாள். “அடி கிறுக்கி, அத மெல்லக்கூடாது, முழுங்கணும்!” என்று பதற்றத்தில் தமிழிலேயே கத்திவிட்டேன். பிறகு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட குழம்பில் தோய்த்து, நாக்கில் வைத்து, அப்படியே உள்ளே தள்ளச் சொல்லிக் கொடுத்தேன். மூன்றாவது வாயில் பிடித்துக்கொண்டாள்.

இதில் பால் உண்டா, முட்டை உண்டா என்று கேட்டாள். இல்லை என்றேன். அப்படியானால் நீ வேகான் என்றாள், கண்கள் விரிய. இங்கே பால், முட்டைகூடத் தொடாமல் மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு அந்தப் பெயர். அதற்கு ஒரு மரியாதையும் உண்டு. ஞாயிற்றுக்கிழமை மாட்டுக்கறி சாப்பிடுவேன் என்று உண்மையைச் சொன்னேன். “அப்படியா, வாரத்தில் ஒருநாள் மட்டும் பாவம் செய்கிறாய்” என்று என் கையைத் தட்டிக் கொடுத்தாள். அட, கிடைத்தால் தினமும் தின்றிருப்போம்டி என்று சொல்ல வாய் வரை வந்தது. அவ்வளவு ஜெர்மன் அன்றைக்கு என்னிடம் இல்லை.

களி கஷ்டம் என்று சொல்லிக்கொண்டு ரொட்டியைக் கடித்துக் காலம் தள்ளும் சக புலம்பெயர்ந்தவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள். அரைக் கைப்பிடி நொய்யரிசியை மூன்று டம்ளர் தண்ணீரில் உப்புப் போட்டுக் குழைய வேகவிடுங்கள். ஒரு டம்ளர் கேப்பை மாவை அதன் மேல் குவித்துக் கொட்டி, கரண்டிக் காம்பால் நடுவில் ஒரு குழி போட்டு, மூடி, சின்னத் தீயில் பத்து நிமிடம். அவசரப்பட்டுக் கிண்டினால் கட்டி தட்டும். பிறகு இறக்கி, தரையில் வைத்து, இரண்டு காலாலும் பாத்திரத்தை அணைத்துப் பிடித்துக்கொண்டு வெறியோடு கிண்டுங்கள். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது. குழம்புக்கு, தோலோடு பச்சை மல்லாட்டை. இங்கே கடைகளில் வேர்க்கடலை தாராளமாகக் கிடைக்கிறது. இரவே ஊறப் போட்டு மூன்று விசில் விடுங்கள். நல்லெண்ணெயில் கடுகு, வெந்தயம், கை நிறையப் பூண்டு, வெங்காயம், கத்திரிக்காய், மிளகாய்த்தூள், புளிக்கரைசல். கொதித்ததும் மல்லாட்டையைப் போட்டு, வறுத்துப் பொடித்த மல்லாட்டை இரண்டு கரண்டி தூவினால் கெட்டியாகும். அவ்வளவுதான். இதைத் தின்றுவிட்டு ஒரு ஆள் மூட்டை தூக்கலாம், ஒரு செவிலி இரண்டு ஷிஃப்ட் பார்க்கலாம்.

ஒரு ஞாயிறு அப்படிக் கிண்டும்போது கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். வாசனைக்குத்தான் வந்திருக்கிறார், சண்டைதான் என்று இடுப்பில் கைவைத்துக்கொண்டு திறந்தேன். அவர் பாவம், பாத்திரம் தரையில் இடித்த சத்தத்தைத் தச்சு வேலை என்று நினைத்து, ஞாயிற்றுக்கிழமையில் மேஜை செய்வது சட்டப்படி கூடாது என்று பணிவாகச் சொல்லிவிட்டுப் போனார். வாசனையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. முகச்சுளிப்பு நம்மவர்களிடமிருந்துதான் வந்தது.

இங்கே ஒரு தமிழ்க்கூட்டம் இருக்கிறது. வருடா வருடம் ஒரு மண்டபத்தை வாடகைக்கு எடுத்துப் பொங்கல் வைப்பார்கள். சுத்த சைவம், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவர வேண்டும். யார் எதைக் கொண்டுவருவது என்று வாட்ஸப்பில் பட்டியல் போடுவது நித்யா. கணினி வேலை, சிரித்த முகம், வாய்க்கு வாய் அக்கா. “அக்கா, நீங்க நைட் டூட்டி எல்லாம் பாக்கறவங்க, சிரமப்படாதீங்க. பேப்பர் தட்டு மட்டும் வாங்கிட்டு வந்துடுங்க” என்பாள் ஒவ்வொரு வருடமும். எவ்வளவு நல்ல பெண் என்று ஆறு வருடம் தட்டு தூக்கினேன். கேப்பையில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்குப் புத்தி எங்கே போயிற்று என்பார்கள். என் புத்தி போன டிசம்பரில்தான் திரும்பி வந்தது. பட்டியலைக் கீழே வரை தள்ளிப் படித்தபோது தட்டு, டம்ளர், தண்ணீர் பாட்டில் என்று மூன்றே குடும்பங்கள். என் பெயர், இன்னும் இரண்டு பெயர்கள். அந்த மூன்று பேரும் எங்கிருந்து வந்தவர்கள் என்று எனக்குத் தெரியும். நித்யாவுக்கும் தெரிந்திருக்கிறது.

எனக்கு இது முதல் தடவை இல்லை. நான் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் பள்ளியின் சத்துணவு மையத்தில் அம்மாவுக்கு உதவியாளர் வேலை கிடைத்தது. அதுவரை மல்லாட்டை பிடுங்கப் போய்க்கொண்டிருந்தவள். சர்க்கார் வேலை என்று காலனி முழுக்க மிட்டாய் கொடுத்தாள். ஒருநாள் சமையல்காரம்மா வரவில்லை, அம்மாவே ஆக்கினாள். கத்திரிக்காய் போட்ட சாம்பார், சோறு. மணம் வகுப்பறை வரை வந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. மணி அடித்ததும் ஊர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வரிசையில் வரவே இல்லை. வாசலில் அவர்களுடைய அப்பன்கள் நின்றார்கள். “அந்தம்மா ஆக்குனா எங்க புள்ளைங்க துன்னாது சார். ஆயிரம் பண்ணட்டும், சமையல்கட்டுக்குள்ள மட்டும் வாணாம்” என்றார்கள். தலைமையாசிரியர் தலையைச் சொறிந்தார். மறுநாளிலிருந்து அம்மாவுக்கு விறகு கொண்டுவந்து போடுவதும் தண்ணீர் தூக்குவதும்தான் வேலை. விறகுக்குத் தீட்டு இல்லை பாருங்கள். அவள் தூக்கிய விறகில் வெந்த சோற்றைத்தான் அவர்கள் தின்றார்கள். பணிஓய்வு வரைக்கும் தூக்கினாள்.

பட்டியலில் தட்டுக்கு நேரே இருந்த என் பெயரை அழித்துவிட்டு, ‘கேப்பைக் களி, மல்லாட்டைக் குழம்பு, நாற்பது பேருக்கு’ என்று எழுதினேன். பத்து நிமிடத்தில் நித்யா போன் செய்தாள்.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க வீட்ல நான்வெஜ் சமைப்பீங்கல்ல? அதே பாத்திரம், அதே அடுப்பு… சில பேரு ஃபீல் பண்ணுவாங்க.”

“புதுப் பாத்திரம்தான் நித்யா. திண்டிவனத்துல வாங்கியாந்த குண்டான்.”

“அதுக்கில்லக்கா… தட்டுக்கு வேற ஆள் இல்லையே?”

வாழைப்பழத்தில் ஊசி ஏற்றுவது என்றால் இதுதான். கொண்டுவருகிறேன் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன்.

அம்மாவிடம் சொன்னேன். “இன்னாத்துக்கு ரோஸி வீண் பேஜாரு? தட்டத் தூக்கிக்கினு போய்க் குடுத்துட்டு, துன்னுட்டு வருவியா! நான் போவல?” என்றாள். நீ போனதுதாம்மா எனக்குப் பொறுக்கவில்லை என்று அவளிடம் எப்படிச் சொல்வது. எனக்கு இரண்டே வழி இருந்தது. ஏழாவது வருடமும் தட்டோடு போவது, அல்லது குண்டானோடு போவது. தட்டோடு போனால் அம்மாவின் விறகுக்கட்டு என் தலைக்கு வந்துவிட்டது என்று அர்த்தம்.

நாற்பது பேருக்குக் களி கிண்டி எனக்குப் பழக்கமில்லை. அதனால் முந்தின வாரம் ஒத்திகையாக ஒரு குண்டான் கிண்டி வார்டுக்குக் கொண்டுபோனேன். அங்கே குளிர்பெட்டியில் வைக்கும் எந்தப் பாத்திரத்துக்கும் சீட்டு ஒட்ட வேண்டும் என்பது விதி. சபீனா பச்சைப் பேனாவால் ‘வேகான்’ என்று எழுதி, பக்கத்தில் ஒரு இலையும் வரைந்து, மூடியில் ஒட்டினாள். ஜெர்மன் பசை, சுரண்டினாலும் வரவில்லை. அப்படியே விட்டுவிட்டேன். பொங்கலுக்கு விருந்தாளியாக அவளையும் கூப்பிட்டேன்.

மண்டபத்தில் கோட்டைக் கழற்றி மாட்டிவிட்டு வருவதற்குள், களியும் குழம்புமாக இருந்த என் குண்டானைக் காணவில்லை. நீண்ட மேஜையில் சர்க்கரைப் பொங்கல், வடை, சாம்பார் சாதம் எல்லாம் வரிசையாக இருந்தன. என்னுடையது கோட்டு மாட்டும் இடத்துக்குப் பக்கத்தில், ஒரு குட்டி மேஜையில் தனியாக உட்கார்ந்திருந்தது. மூடியில் சபீனாவின் பச்சைச் சீட்டுக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சீட்டு. சிவப்புத் தமிழ் எழுத்தில் ‘நான்வெஜ்’.

“நித்யா, இது யாரு ஒட்டுனது?”

“சாரிக்கா. நான்வெஜ் கிச்சன்ல செஞ்சதுன்னு தெரியணும்ல, சில பேரு கேட்டாங்க…”

“போன மாசம் உன் பையன் பொறந்தநாளுக்கு சிக்கன் பிரியாணி போட்டியே, அது எந்த கிச்சன்ல வெந்துச்சி?”

“அக்கா, அது வேற.”

“இன்னா வேற?”

சிரித்த முகம் முதல்முறையாகச் சிரிக்காமல் இருந்தது. குண்டானைத் தூக்கினேன். சாம்பார் சாதத்தையும் வடையையும் பக்கத்துக்கொன்றாக நகர்த்தி, நீண்ட மேஜையின் நட்டநடுவில் வைத்தேன். “கேப்பை, நொய், மல்லாட்டை, கத்திரிக்கா, பூண்டு, புளி, உப்பு” என்று ஒவ்வொன்றாக எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். “இதுல மாமிசம் எது? என் கையா?”

நித்யா கிட்டே வந்து, சீட்டையாவது எடுத்துவிடுகிறேன் என்று கை நீட்டினாள். “கைய வைக்காத. நீ ஒட்டுனது, எல்லாரும் படிக்கட்டும்” என்றேன்.

யாரும் அசையவில்லை. ஒரு வார்த்தை புரியாத சபீனாதான் தட்டை எடுத்துக்கொண்டு முதலில் வந்தாள். ஒரு உருண்டை வாங்கி, குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்கினாள். அவ்வளவு பேர் எதிரே, வேண்டுமென்றே செய்கிறவள் போல, கண்ணை மூடிக்கொண்டு. பிறகு தண்ணீர் பாட்டில் கொண்டுவரும் குடும்பத்தில் மூன்று பேர் வந்தார்கள். டம்ளர் குடும்பத்தில் நாலு பேர். புதிதாக வந்திருந்த இரண்டு மாணவிகள். கடைசியில், எதிர்பார்க்கவே இல்லை, நித்யாவின் கணவர் வந்து, மனைவியின் பக்கம் பார்க்காமல் இரண்டு உருண்டை வாங்கிக்கொண்டு போனார். மற்றவர்கள் வடைப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போனார்கள். நானும் உட்கார்ந்து வயிறாரத் தின்றேன். குண்டானில் முக்கால்வாசி அப்படியே இருந்தது.

மறுநாள் அம்மா வீடியோவில் வந்தாள். சண்டை, சீட்டு, நித்யா, எதையும் அவள் கேட்கவில்லை.

“எத்தினி பேரு துன்னாங்க?”

“பதினோரு பேரும்மா.”

“அன்னிக்கு நான் ஆக்குனப்ப ஒம்போது புள்ளைங்க துன்னுச்சிங்க. எல்லாம் நம்ம காலனிப் புள்ளைங்க. உனக்கு ரெண்டு கூடியிருக்குது” என்றாள். பரிகாசமா, சந்தோஷமா, எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமும் அந்த ஒன்பதை அவள் மனசில் வைத்துக்கொண்டிருந்தாள் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

“அதுல ஒருத்தி ஜெர்மன்காரிம்மா.”

“அப்ப ஒண்ணுதான் கூடிச்சா? போவுது போ. அடுத்த வருசமும் கிண்டு. இப்ப மீந்தத இன்னா பண்ணே? ஜல்தியா யாருக்குனா குடு, புளிச்சிடும்.”

அடுத்த பொங்கலுக்கும் என் பெயருக்கு நேரே களி என்றுதான் எழுதப் போகிறேன்; இதை நித்யா படித்தால் இப்போதே தெரிந்துகொள்ளட்டும். திங்கட்கிழமை மீந்ததை வார்டுக்குக் கொண்டுபோனேன். குளிர்பெட்டியைத் திறந்தவர்கள் எல்லாரும் பச்சைச் சீட்டைப் படித்துவிட்டு, பக்கத்தில் இருக்கும் சிவப்பு எழுத்து என்ன மொழி, என்ன அர்த்தம் என்று கேட்டார்கள். என் பெயர் என்றேன். பதினொன்றரைக்கு யாரோ கதவருகே ‘மால்ட்சைட்!’ என்றார்கள். இரண்டு சீட்டும் ஒட்டிய மூடியைத் திறந்து வைத்துவிட்டு, “துன்னலாம் வாங்க” என்றேன்.