பங்காளியின் ரைஃபிள்

1953இல் நாட்றாம்பாளையத்தில் ரைஃபிளுக்கு லைசென்ஸ் வைத்திருந்தவர் ஆஞ்சப்பன் ஒருவர்தான். அவருடைய பங்காளி கங்கப்பனும் மனுப் போட்டிருந்தான். ஒன்றரை ஏக்கர் ராகிக்காட்டுக்கு ரைஃபிள் எதற்கு என்று கேட்டு, சேலம் கலெக்டர் ஆபீசிலிருந்து மனு இரண்டு முறை திரும்பி வந்தது.

கங்கப்பனுக்கு அது ஆறாத புண். பர்மா யுத்தத்தில் நான்கு வருஷம் பட்டாளத்து ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைத் துடைத்தவன் அவன். ஆஞ்சப்பனோ சீமைக்குத் திரும்பிப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்ட முதலாளியிடம் ரைஃபிளை விலைக்கு வாங்கியவர். ஆனாலும் காட்டுப்பன்றி இறங்கினால் ஊரே ஆஞ்சப்பன் வீட்டுக்குத்தான் ஓடியது. பன்றி விழுந்த மறுநாள் கடைத்தெருவில் அவர் பேச்சாகவே இருக்கும். கங்கப்பன் டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து போவான்.

இரண்டு வருஷம் கழிந்ததும் ஆஞ்சப்பனின் குறி தப்பத் தொடங்கியது. ஐம்பது கஜத்தில் நின்ற பன்றிகூடத் தப்பி ஓடியது. ஒருநாள் அவர் ரைஃபிளை எடுத்துக்கொண்டு கங்கப்பனிடம் வந்தார்.

"சைட்டு நகந்திருக்குமா கங்கப்பா?"

கங்கப்பன் பின்பக்கத்துப் போல்ட்டை உருவிக் குழாயை வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தான். உள்ளே குண்டைச் சுழற்றி நேராக விடும், சுற்றிச் சுற்றி ஓடும் பள்ளங்களே தெரியவில்லை. வெடிமருந்துக் கரியும், பழைய விளக்கெண்ணெய்ப் பிசினும், தோட்டாவின் செம்பும் அப்பிக் கிடந்தன. குறி பார்க்கும் சைட்டில் ஒரு கோளாறும் இல்லை.

"இருக்கும்ணா," என்றான்.

ஆஞ்சப்பன் சைட்டைத் தட்டித் தட்டி நகர்த்தினார். குறி இன்னும் மோசமானது. ஊரார் வாய்க்குள் சிரித்தார்கள். அடுத்த மூன்று மாதமும் கங்கப்பன் நிம்மதியாகச் சாப்பிட்டான்.

கார்த்திகையில் ஒரு விடியற்காலை ஆஞ்சப்பன் சுட்ட குண்டு ஒரு பன்றியின் பின்தொடையைக் கீறிச் சென்றது. வலி தாங்காத பன்றி வரப்பைத் தாண்டிக் கங்கப்பனின் காட்டுக்குள் பாய்ந்தது. ராகிக் கதிர் அறுத்துக்கொண்டிருந்த அவன் மனைவி மாரம்மாவின் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டு ஓடியது.

மாட்டுவண்டியில் அஞ்செட்டி ஆஸ்பத்திரிக்குப் போய்த் தையல் போட்டுத் திரும்பும் வழியில், கங்கப்பன் குழாயில் பார்த்ததை அவளிடம் சொன்னான்.

"நீ அவர எறக்கோணும்னு நெனச்சே. கெடச்சது என் காலு," என்றாள்.

மறுநாள் கங்கப்பன் ஆஞ்சப்பன் வீட்டுக்குப் போய், ரைஃபிளைக் கொடுங்கள், துடைக்க வேண்டும் என்றான். பிறகு அவர் முகத்தைப் பார்க்காமலே சொன்னான். "அன்னிக்கே தெரியும்ணா. சைட்டுல ஒண்ணுமில்ல."

ஆஞ்சப்பன் கோபப்படவில்லை. "நீ பொய் சொல்றேன்னு எனக்கும் பட்டுது. மறுபடி கேட்டா நீ மிலிட்டரிக்காரன், நான் ஒண்ணும் தெரியாதவன்னு ஆயிடுமேன்னு இருந்துட்டேன்," என்றார்.

தன்னைப் பார்த்தும் ஒருவர் வயிறெரிந்திருக்கிறார் என்பது கங்கப்பனுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வேலை மூன்று நாள் நடந்தது. போல்ட்டைக் கழற்றி, பின்பக்கமிருந்து கொதிக்கும் தண்ணீரை ஊற்றினான். பித்தளைக் கம்பித் தூரிகையை இழுத்தான். துணித்துண்டுகள் கன்னங்கரேலென்று வந்தன. கிருஷ்ணகிரி மருந்துக்கடையில் அம்மோனியா வாங்கி வந்து, துணியை அதில் நனைத்துக் குழாய்க்குள் விட்டபோது துணி நீலப்பச்சையாக வெளியே வந்தது. செம்பு கரைந்து வருகிறது என்று ஆஞ்சப்பனுக்குக் காட்டினான். மூன்றாம் நாள் சாயங்காலம் துணி வெள்ளையாகவே வந்தது. மெல்லிய எண்ணெய் தடவினான். சுடுவதற்கு முன்னால் அதை ஒட்டத் துடைக்காவிட்டால் முதல் குண்டு விலகிப்போகும் என்பதையும் மறைக்காமல் சொன்னான். சைட்டைப் பழைய இடத்துக்கே தள்ளினான்.

ஒரு புளியமரத்தில் சுண்ணாம்பால் வட்டம் போட்டு, நூறு கஜத்திலிருந்து ஆஞ்சப்பன் சுட்டார். மூன்று குண்டும் ஒரு உள்ளங்கை அகலத்துக்குள் விழுந்தன. ஊரார் ஆஞ்சப்பனின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். துடைத்தவன் கங்கப்பன் என்று அவர் இரண்டு முறை சொன்னார். யார் காதிலும் விழவில்லை.

மார்கழியில் பெரிய பன்றி ஒன்று விழுந்தது. ஆஞ்சப்பன் மாரம்மாவுக்கு இரண்டு பங்கு கறி அனுப்பினார். அவள் குழம்பு வைத்துத் தின்றாள். கங்கப்பன் கறியைத் தொடவில்லை. ரசம் ஊற்றிச் சாப்பிட்டான்.

அடுத்த ஐந்து வருஷமும் மாதம் ஒருமுறை அவன்தான் அந்தக் குழாயைத் துடைத்தான். பொறாமை போயிற்றா என்று மாரம்மா ஒருநாள் கேட்டாள். இல்லை என்றான். அவள் கால் விந்தியபடி தண்ணீருக்குப் போனாள். அவன் எழுந்து போய்க் குடத்தை வாங்கிக்கொண்டான்.