வெளியே கேட்காத டிரம்பெட்

என் கணவருக்கு வாய் கோணியது ஒரு பஸ் பயணத்தில். கோத்தகிரிப் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வாசித்துவிட்டு, விடிகாலைப் பஸ்ஸில் ஜன்னலைத் திறந்துபோட்டுக் குன்னூர் வரைக்கும் தூங்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஆடி மாதக் காற்று. மறுநாள் காபி குடிக்கும்போது இடது ஓரமாக ஒழுகியது. "ஏனுங்க, சின்னப் புள்ளையாட்ட வழிய உடறீங்க?" என்று கத்தின பிறகுதான் முகத்தைப் பார்த்தேன். இடது கண் மூடவில்லை. வாய் வலது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது.

முகவாதம், சரியாகிவிடும், நாளாகும் என்றார் டாக்டர். மற்றவர்களுக்கு அது வெறும் நாள் கணக்கு. இவர் பேண்டு செட்டில் டிரம்பெட் ஊதுகிறவர். உதடு இறுக மூடினால்தானே நாதம் வரும்? இடது கடைவாயில் காற்று புஸ்ஸென்று போய்விட்டது. மாரியம்மன் திருவிழா வரைக்கும் இடத்தை வைத்திருப்பதாகச் செட்டு மாஸ்டர் சொல்லியிருந்தார். திருவிழா சித்திரையில். அதற்குள் உதடு திரும்பாவிட்டால் வேறு ஆளைப் போட்டுக்கொள்வார்கள். இருபத்திரண்டு வருஷமாக முன்வரிசையில் நின்றவர். டிரம்பெட் போனால் அந்த மனுஷனிடம் என்ன மிச்சம் இருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பயமாக இருந்தது.

தினமும் ஊதிப் பழகச் சொல்லியிருந்தார்கள். பழகினார். ஐயோ, அதைக் கேட்டிருக்க வேண்டும். எருமைக் கன்று இருமுகிற மாதிரி ஒரு சத்தம், பிறகு காற்று, பிறகு மறுபடியும் இருமல். எங்கள் வீடுகள் சரிவில் வரிசையாக ஒட்டி நிற்பவை. இந்த வீட்டில் தாளித்தால் அந்த வீட்டில் தும்முவார்கள். கீழ்வீட்டுப் பிள்ளைகள் வாயைக் கோணி அதே மாதிரி ஊதிக் காட்டிச் சிரித்தன. நான் போய் வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு வந்தேன். வந்த வேகத்தில் ஒரு முடிவும் எடுத்தேன். பின்னால் தோட்டத்தில் கேரட் போட்டிருந்த பாத்தியை அழித்து, சத்தம் வெளியே போகாத ஓர் அறை கட்டுவது.

"எதுக்கு புள்ள அதெல்லாம்?" என்றார் அவர்.

"கண்டவனும் சிரிக்கறதுக்கா நீங்க ஊதறீங்க? சும்மா இருங்க."

அவர் சும்மா இருந்தார். சண்டைக்கு வருகிற ஆள் இல்லை அவர். எங்கள் வீட்டில் அந்தத் துறை என்னுடையது.

என் தம்பி தச்சு வேலை செய்கிறவன். ஒலிப்பதிவு அறை ஒன்றில் வேலை பார்த்திருக்கிறான். பிளைவுட்டில் இரட்டைச் சுவர், நடுவில் நாலு விரல் இடைவெளி, அதற்குள் பஞ்சு, கதவு ஓரமெல்லாம் ரப்பர் பட்டை, காற்றுக்கு வளைத்து வளைத்து ஒரு குழாய் என்று தரையில் கோடு போட்டுக் காட்டினான். அந்தப் பஞ்சு கோயமுத்தூரிலிருந்து வர வேண்டும், பத்து நாளாகும் என்றான்.

பத்து நாளா! எனக்குப் பொறுமை ஏது? நான் தேயிலை ஃபேக்டரியில் பேக்கிங் பிரிவில் இருக்கிறேன். தூளைச் சலித்துக் கழித்த தேயிலை நார் மூட்டை மூட்டையாகக் கிடக்கும். மேனேஜரிடம் சொல்லிவிட்டுப் பன்னிரண்டு மூட்டை கொண்டுவந்து இறக்கினேன். மெத்துமெத்தென்று இருந்தது. கைவைத்து அழுத்திப் பார்த்து, இதைவிட என்ன பஞ்சு வேண்டும் என்றேன்.

"அக்கா, தேயிலை ஈரத்த இழுக்குமே" என்றான் தம்பி.

"எனக்கே தேயிலையப் பத்திப் பாடம் எடுக்கறியா? கொட்டுடா."

மூடுபனி இறங்கினால் பேக்கிங் ரூம் கதவைச் சாத்தாத பெண்களை நானே திட்டியிருக்கிறேன். மூட்டையின் வாய் ஒரு நிமிஷம் திறந்திருந்தாலும் தூள் நமுத்துப்போகும் என்று புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதே நான்தான். அந்த நான், மழை கொட்டுகிற மலையில், தோட்டத்து மண்ணில், சுவர் முழுக்கத் தேயிலை நாரைக் கொட்டினேன். அவசரம் கண்ணை மறைத்துவிட்டது.

புரட்டாசி கடைசியில் அறை முடிந்தது. அவரை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தி, நானும் தம்பியும் வெளியே நின்றோம். ஒன்றும் கேட்கவில்லை. சுவரில் காதை வைத்தேன், அப்போதும் கேட்கவில்லை. கதவைத் திறந்து அவர் எட்டிப் பார்த்தார்.

"கேட்டுச்சா?"

"துளிகூடக் கேக்கலீங்க!" என்று நான் கைதட்டிக் குதித்தேன். அவர் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. வாய் கோணியிருப்பவரின் முகத்தில் எது சிரிப்பு, எது வருத்தம் என்று எனக்கு இன்னும் பழகியிருக்கவில்லை. சிரிக்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு வீடு நிம்மதியாக இருந்தது. அவர் காலையில் ஒரு மணி நேரம், சாயங்காலம் ஒரு மணி நேரம் உள்ளே போய்வருவார். எப்படி வருகிறது என்று நான் கேட்பதில்லை. கேட்டு அவரை நோகடிக்க வேண்டாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். பக்கத்து வீட்டுப் பெண் வேலியோரம் நின்று, "ஏனுங்க்கா, அண்ணன் இப்பெல்லாம் ஊதறதே இல்லீங்களா?" என்று விசாரித்தபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. எட்டு நாள் விடவில்லை. அறைக்குள் புளித்த வாடை வருகிறது என்றார். மழைக்காலம் என்றால் வாடை வரத்தான் செய்யும் என்றேன். கதவு இறுகுகிறது என்றார். இழுத்துச் சாத்துங்கள் என்றேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மழை கொஞ்சம் விட்டிருந்தது. அவர் உள்ளே போனார். நான் பின்வாசல் படியில் உட்கார்ந்து பச்சைப் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். அறையிலிருந்து பத்தடி தூரம்கூட இருக்காது. பட்டாணி முடிந்தது. வீட்டுக்குள் போய்த் துணி மடித்தேன். டீ போட்டேன். மூன்று மணிக்கு வரவேண்டியவர் நாலரை ஆகியும் வரவில்லை. இன்றைக்கு நன்றாக வருகிறது போல, பழகட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் போன் அடுப்படியில் சார்ஜில் கிடந்தது.

ஐந்து மணிக்கு டீயைச் சூடு பண்ணி எடுத்துக்கொண்டு போனேன். கதவு அசையவில்லை. தள்ளினேன், தோளால் மோதினேன். அப்போதுதான் சுவரைப் பார்த்தேன். ஈரம் குடித்த நார் உள்ளே உப்பி, பிளைவுட் கர்ப்பிணி வயிறு மாதிரி தள்ளிக்கொண்டு, கதவு நிலையை நெரித்துப் பிடித்திருந்தது. "ஏனுங்க! ஏனுங்க!" என்று கத்தினேன். பதில் இல்லை. பதில் வந்தாலும் எனக்குக் கேட்காது என்பது அப்போதுதான் உறைத்தது.

தோட்டத்துக் கடப்பாரையை எடுத்துச் சுவரில் போட்டேன். முதல் பலகை பிளந்து, கறுத்த ஈர நார் பொதபொதவென்று என் காலில் கொட்டியது. புளித்த வாடை குப்பென்று அடித்தது. உள் பலகையையும் உடைத்தேன். ஒரு ஆள் நுழைகிற அளவுக்கு ஓட்டை விழுந்தது.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மடியில் டிரம்பெட். பிடுங்கிக்கொண்டு வந்த கதவுக் கைப்பிடி காலடியில் கிடந்தது. உள்ளங்கை இரண்டும் கன்றிச் சிவந்திருந்தன.

பயம் தெளிந்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. "அறிவிருக்குதுங்களா உங்களுக்கு? போன எடுத்துட்டுப் போனா என்ன? நான் செத்தே போயிருப்பேன்!"

அவர் குரல் கம்மியிருந்தது. கத்திக் கத்திக் கம்மிய குரல்.

"ரெண்டு மணி நேரமா உன்னத்தான் கூப்புட்டேன் புள்ள. கதவ அடிச்சேன். ஊதியும் பாத்தேன். உனக்குக் கேக்கல." காலடியில் கிடந்த கைப்பிடியை ஓரமாகத் தள்ளினார். பிறகு சொன்னார்: "உனக்குக் கேக்கக் கூடாதுன்னுதான கட்டுன?"

ஊர்ப் பிள்ளைகள் சிரித்ததற்காகக் கட்டினேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் பிள்ளைகள் சிரித்தது ஒரே ஒரு நாள். அவர் ஊதத் தொடங்கியதும் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, தண்ணீர்க் குழாயையும் திறந்துவிட்டுக்கொண்டு நின்றது நான். தினமும் நின்றேன். அதை அவர் பார்த்திருக்கிறார். பார்த்தும், நான் கட்டின அறைக்குள் மறுபேச்சில்லாமல் போய்வந்திருக்கிறார்.

கடப்பாரையைப் போட்டுவிட்டு அந்த ஈர நாரின் மேலேயே உட்கார்ந்தேன்.

"ஊதுங்க" என்றேன்.

"புஸ்ஸுன்னுதான் வரும்."

"வரட்டும். ஊதுங்க."

டிரம்பெட்டைத் தூக்கினார். கடைவாயை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பாதி நாதம், பாதி காற்று. நடுவில் உடைந்தது, பிறகு சேர்ந்தது. உடைத்த ஓட்டை வழியாக அது தெரு முழுக்கப் போயிருக்கும். கீழ்வீட்டில் யாரோ ரேடியோவைக் குறைத்தார்கள். எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. முந்தானையை எடுத்தேன். காதைப் பொத்திக்கொள்ளத்தான் எடுக்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சட்டென்று நிறுத்திவிட்டார்.

"ஏன் நிறுத்திட்டீங்க?" என்று அதட்டினேன். "இன்னொருக்கா ஊதுங்க. நான் கேக்கோணும்."