கூரையில் ஒரு யன்னல்

பின்னறையில் கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டுப் பிறெடி ஓடினார். புதிதாகக் கட்டிய அறையைப் பார்வையிட வந்த மாநகரசபை அதிகாரி, சரிவுக் கூரையிலிருந்த யன்னலைக் கம்பால் தள்ளிக்கொண்டிருந்தார்.

"வெளிச்சம் போதும் அங்கிள். ஆனா இது திறபடேல்லையே. காத்து வராத அறைக்கு நான் சைன் வைக்கேலாது."

முப்பது வருடம் துறைமுகத்தில் கப்பல்களின் சரக்கறை மூடிகளைத் தண்ணீர் புகாமல் இறுக்கிய பிறெடி, இதையும் பசையால் அடைத்திருந்தார். புருஷனைப் பிரிந்து வந்திருக்கும் மகள் றேணுகாவுக்கு இந்த அறையை விட்டால் வேறு இடமில்லை. அவளுக்கு ஆஸ்துமா வேறு.

"டடா என்னையும் கப்பல் சாமான் எண்டு நினைச்சிட்டார்," என்றாள் றேணுகா.

"மழை வந்தா?" என்றார் பிறெடி.

"மூடுங்கோ. அதுக்குத்தானே கைபிடி," என்றார் அதிகாரி.

பிறெடி ஏணியில் ஏறிப் பசையை வெட்டினார். யன்னல் திறந்ததும் கடற்காற்று உள்ளே இறங்கியது. றேணுகா கண்களை மூடி, நெஞ்சு நிறைய மூச்சிழுத்தாள்.

அதிகாரி கையெழுத்திட்டுப் புறப்பட்டார். அவர் போனதும் பிறெடி வாசல் கதவைச் சாத்தினார்; கூரை யன்னலை மட்டும் திறந்தபடியே விட்டார்.