மூன்றாவது 'விசுவசிக்கிறேன்'

வீட்டில் ஜெபமாலை சொல்லும்போது கோவிந்தன் ஒரே ஓர் இடத்தில் இருமுவார். 'மூன்றாம் நாள் மரித்தோரிடமிருந்து உயிர்த்தெழுந்தருளினார்' என்ற வரி முடியும்வரை அந்த இருமல் நிற்காது. அடுத்த வரிக்குத் தொண்டை சுத்தமாகிவிடும். கல்யாணமான 1947 முதல் பதினெட்டு வருடங்கள், ஞானஸ்நானம் வாங்குவதற்கு முன்பும் சரி, வாங்கிய பின்பும் சரி, இது மாறவில்லை. முதல் வருடம் அவர் மனைவி சவுரியம்மாள் மிளகுக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள். இரண்டாவது வருடம் விஷயம் புரிந்து, மிளகை மிச்சம் பிடித்தாள்.

கோவிந்தன் ஜோகுபாளையத்து ஜட்கா வண்டிக்காரர். வருடா வருடம் மாரியம்மனுக்குக் கிடா வெட்டும் குடும்பம். சவுரியம்மாள் பிரேசர் டவுனில் பிறந்த கத்தோலிக்கப் பெண். இருவருக்கும் ரிஜிஸ்தர் கல்யாணம்தான் நடந்தது. மாதா கோவிலில் நடக்காத கல்யாணம் என்பதால் அவளுக்குப் பூசையில் நன்மை அப்பம் கொடுக்கமாட்டார்கள். பூசையில் மற்றவர்கள் நன்மை வாங்க எழுந்து போகும்போது தங்கள் குழந்தைகளை இவள் மடியில் போட்டுவிட்டுப் போவார்கள். ஆறு வருடத்தில் அந்தக் கோவிலில் அவள் புடவையை நனைக்காத குழந்தை கிடையாது.

1953இல், சேசு உயிர்த்தெழுந்த பாஸ்குத் திருநாளுக்கு முன்னால் வரும் தபசுகாலம் தொடங்கிய அன்று அவள் புருஷனிடம் சொன்னாள்: "இந்தப் பாஸ்குக்காவது உன்கூட நடந்து போய் நன்மை வாங்கணும்யா. வேற ஒண்ணும் நான் கேக்கலே."

"உங்க வேதத்துலே சேந்துக்கறேன். அதுக்கென்ன?" என்றார் கோவிந்தன். "ஆனா சாமி முன்னாடி நின்னு பொய் சொல்லமாட்டேன். கொள்ளைக் குறைச்சுப் போட்டுட்டு நிறையப் போட்டேன்னு குதிரைகிட்டே வேணா சொல்லுவேன்."

ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க ஓஸ்வால்ட் வந்தான். அந்த வருடம்தான் பி.ஏ. முடித்திருந்தான், அவன் வம்சத்திலேயே முதல் பட்டதாரி. கோவில் உபதேசியார் வேலை தற்காலிகமாகக் கிடைத்திருந்தது. சேசுநாதர் நமக்காகத் தம்மைப் பலியாக ஒப்புக்கொடுத்தார் என்று அவன் ஆரம்பித்ததும் கோவிந்தன் நிமிர்ந்து உட்கார்ந்தார். பலி என்றால் அவருக்குத் தெரிந்த விஷயம்.

"உபதேசியாரே, சிலுப்பினாரா?"

"என்னது?"

"எங்க பக்கத்துலே கிடா தலையிலே மஞ்சத்தண்ணி ஊத்துவோம். அது உடம்பைச் சிலுப்பணும். சிலுப்பினாத்தான் அதுக்குச் சம்மதம். சிலுப்பாத கிடாவை வெட்டினா அம்மா ஏத்துக்கமாட்டா. உங்க சேசு சிலுப்பினாரா?"

ஓஸ்வால்ட் புத்தகத்தைப் புரட்டினான். சாவுக்கு முந்தின இரவு தோட்டத்தில் அவர் ஜெபம் செய்த இடம் வந்தது. இந்தத் துன்பப் பாத்திரம் என்னைவிட்டு நீங்கட்டும் என்று அவர் கேட்டதை வாசித்தான்.

"அப்ப சிலுப்பலே!" என்று தொடையில் தட்டினார் கோவிந்தன்.

"அதுக்கு மேலேயும் இருக்குதுண்ணா. உம்முடைய சித்தப்படியே ஆகட்டும்னு சொல்றாரு."

"சரி, லேட்டா சிலுப்பினாருன்னு வெச்சுக்குவோம். இன்னொண்ணு. குடுத்ததை மூணாம் நாள் உயிரோட திருப்பி வாங்கிக்கிட்டா அது பலியா? எங்க கிடா ஒண்ணுகூட இதுவரைக்கும் திரும்பி வந்ததில்லே."

அடுப்படியிலிருந்து சவுரியம்மாளின் குரல் வந்தது. "அம்மனுக்குக் குடுத்த கிடாவை நீ ரெண்டு நாள் உக்காந்து தின்னுவே. திருப்பி வாங்கறதைப் பத்தி நீ பேசாதே!"

ஓஸ்வால்ட் சிரித்துவிட்டான். பிறகு சிரிப்பு அடங்கி, "நான் இதையெல்லாம் பரீட்சைக்குப் படிச்சிருக்கேன்ணா. ஆனா யோசிச்சதில்லே" என்றான். இரண்டு கேள்விகளையும் நோட்டில் எழுதிக்கொண்டு போனான். சவுரியம்மாள் விரல் விட்டு நாள் எண்ணினாள். பாஸ்குக்கு மூன்று வாரம் இருந்தது. உபதேசியாரையே குழப்பிவிட்ட ஆளுக்கு யார் ஞானஸ்நானம் கொடுப்பார்கள்?

மறு வாரம் பங்குச் சுவாமியார் ரெமிஜியஸ் தாமே வந்தார். அவரை ஏற்றிவந்ததும் கோவிந்தனின் ஜட்காதான். வண்டி வாசலில் நின்றபிறகும் இருவரும் இறங்கவில்லை. சவுரியம்மாள் கதவோரம் நின்று கேட்டாள்.

"உன் கிடா விஷயம் புரிஞ்சுதான் சிலுப்புதா?" என்றார் சுவாமியார்.

"எங்கே சாமி? தண்ணி ஜில்லுனு இருக்குது. சிலுப்புது."

"அப்ப சம்மதம்னு யாரு சொல்றது?"

"சுத்தி நிக்கறவங்கதான்."

"நல்ல கதை! கிடாவுக்குச் சம்மதமான்னு கிடாவைத் தவிர எல்லாருக்கும் தெரியுது." சுவாமியார் வண்டி குலுங்கச் சிரித்தார். பிறகு சொன்னார்: "சந்தேகத்தோட வா, பரவாயில்லே. மூணு கேள்வி கேப்பேன். மூணுக்கும் விசுவசிக்கிறேன்னு நீ வாய் திறந்து சொல்லணும். சொல்லலேன்னா தண்ணி ஊத்தமாட்டேன். உனக்காக நான் சொல்லமுடியாது, உன் பெண்டாட்டியும் சொல்லமுடியாது."

பாஸ்குக்கு முந்தின நாள், பெரிய சனிக்கிழமை காலை, கோவிலில் ஞானஸ்நானம். முன்வரிசையில் சவுரியம்மாளின் உறவுக்காரர்கள். கோவிந்தனின் அக்கா முத்தம்மா, மாமன் கிருஷ்ணப்பா என்று ஜோகுபாளையத்து ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பின்னால். வேடிக்கை பார்க்க வந்தவர்கள். கையில் பூவும் தேங்காயும்.

சர்வேசுரனை விசுவசிக்கிறாயோ என்றார் சுவாமியார். விசுவசிக்கிறேன் என்றார் கோவிந்தன், கணீரென்று. பாடுபட்ட சேசுக்கிறிஸ்துவை விசுவசிக்கிறாயோ? விசுவசிக்கிறேன். பரிசுத்த ஆவியையும், மரித்தோர் உயிர்த்தெழும் சரீர உத்தானத்தையும், நித்திய சீவியத்தையும் விசுவசிக்கிறாயோ?

இருமல் வந்தது.

சுவாமியார் காத்திருந்தார். இருமல் நின்றது. கோவிந்தன் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்காகச் சொல்லிவிடு என்று அவள் கண் கேட்டுவிடுமோ என்று அவளுக்குப் பயம்.

பக்கத்தில் தண்ணீர்க் குவளையோடு நின்ற ஓஸ்வால்ட் பதிலைக் கேட்க எட்டிக் குனிந்தான். குவளை சாய்ந்து பாதித் தண்ணீர் கோவிந்தனின் உச்சந்தலையில் கொட்டி முதுகுக்குள் இறங்கியது. தலையிலிருந்து கால்வரை ஒரு உதறு உதறினார் மனுஷன். சுவாமியார் முகமெல்லாம் தெறித்தது.

"சிலுப்பிட்டான்! சிலுப்பிட்டான்டா!" என்று பின்னாலிருந்து கிருஷ்ணப்பா கத்தினார். முத்தம்மா குலவையிட்டாள். கூட வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். முன்வரிசையில் ஒரு கிழவர் எழுந்து நின்று முறைத்தார். முறைக்கும்போதே அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

சுவாமியார் அங்கியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அது ஜில்லுனு இருந்ததுக்கு. கணக்கிலே சேராது" என்று மெல்லச் சொல்லிவிட்டு, மூன்றாவது கேள்வியை மறுபடி கேட்டார்.

கோவிந்தன் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்துகொண்டிருந்தது. எந்தத் தண்ணீர் எது என்று தெரியவில்லை. "விசுவசிக்கிறேன் சாமி" என்றார்.

சுவாமியார் அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு மீதித் தண்ணீரை ஊற்றினார். கையோடு இருவரின் கல்யாணத்தையும் கோவில் முறைப்படி மந்திரித்து வைத்தார்.

மறுநாள் பாஸ்கு பூசையில் சவுரியம்மாள் புருஷனோடு எழுந்து நடந்தாள். வழியில் ஒரு பெண் பழக்கதோஷத்தில் குழந்தையை நீட்டினாள். "இன்னிக்கு நானும் போறேன்டி!" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

வீட்டுக்குத் திரும்பும்போது வண்டியில் கேட்டாள்: "நேத்து சிரிச்சுக்கிட்டே சொன்னியே, நிஜமா சொன்னியா, எனக்காகச் சொன்னியா?"

"சொல்றேன். ஸ்வல்ப பொறு, இறக்கம் வருது."

இறக்கம் வந்தது, போயிற்று. அதற்குப் பிறகும் பல தடவை கேட்டாள். குதிரைக்குத் தண்ணி காட்டணும், சவாரி காத்திருக்குது, சோறு ஆறிப்போகுது. ஒவ்வொரு தடவையும் "குடுக்கவேண்டிய பதில்தான், இல்லேன்னு சொல்லலே" என்பார்.

1965 ஜூலையில் காய்ச்சலாகப் படுத்தார். ஒரு மத்தியானம் அவரே, "சவுரி, உனக்கு ஒரு பதில் தரணும்ல" என்றார். அவள் கஞ்சிக் கிண்ணத்தை வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். "முதல்லே கஞ்சியைக் குடு" என்றார். குடித்தார், தூங்கினார். எழுந்ததும் குதிரைக்கு லாடம் மாற்றுவதைப் பற்றிப் பேசினார். அந்த வியாழக்கிழமை போய்விட்டார்.

அடக்கம் முடிந்த மறு வாரம் ரெமிஜியஸ் சுவாமியார் வீட்டுக்கு வந்தார். "கோவிந்தன் அன்னிக்குச் சொன்னது என்னன்னா, என் மனசுக்குத் தோணுறது..." என்று தொடங்கினார்.

சவுரியம்மாள் கையைக் காட்டித் தடுத்தாள். "வேணாம் சாமி. அது அவரு தரவேண்டியது."