நூர்ஜஹான் டீச்சரைப் பற்றி நான் எழுதிய மூன்று வரிகள்

நூர்ஜஹான் டீச்சர் மாரடைப்பில் காலமான செய்தி ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே எங்கள் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டது. அந்தக் குழுவை நான் மியூட்டில் போட்டிருந்தேன். இரவு பார்த்தபோது அடக்கமே முடிந்திருந்தது.

பள்ளி முதல்வராக விரும்பும் ஆசிரியர்களுக்கான முதுநிலைப் படிப்பில் நாங்கள் இருவரும் ஒரே வகுப்பு. நான் பொறியியல் முடித்துவிட்டுக் கம்ப்யூட்டர் பாடம் நடத்த வந்தவன். அவர் இருபது வருடம் அறிவியல் நடத்தியவர். பௌர்ணமி அன்று கிரிவலக் கூட்டத்துக்காகப் பஸ்ஸைத் திருப்பிவிட்டால் எங்களில் பாதிப் பேர் மட்டம் போட்டுவிடுவோம். டீச்சர் வேங்கிக்காலிலிருந்து நடந்தே வந்து முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். "ஒரே ஒரு ஸ்கூல் சார், சின்னதா இருந்தாலும் போதும். நல்லா நடத்திக் காட்டணும்" என்பார்.

களப்பயிற்சிக்கு எங்கள் இருவரையும் ஒரே பள்ளிக்கு அனுப்பினார்கள். விடுப்பு எடுத்த ஆசிரியர்களின் வகுப்புகளுக்குக் காலையில் மாற்று ஆள் போடுவதுதான் வேலை. நான் ஒரு புரோகிராம் எழுதினேன். மூன்று விநாடியில் பட்டியல் வந்துவிடும். டீச்சர் ஒவ்வோர் ஆசிரியரிடமும் போய்ப் பேசிவிட்டு வர முக்கால் மணி நேரம் ஆகும். ஒருநாள் என் பட்டியலோடு வந்து நின்றார்.

"இன்னா சார் இது? கணக்கு டீச்சர் பொண்ணுக்கு ஜுரம். அந்த ஒரு ஃப்ரீ பீரியட்லதான் வீட்டுக்கு போன் பண்ணுவாங்க. அதையும் புடுங்கிட்டீங்களே!"

"கம்ப்யூட்டருக்கு ஜுரமெல்லாம் தெரியாதுங்க டீச்சர்."

"தெரியாதுன்னுதான் சார் நம்மள கூப்பிட்டிருக்காங்க."

ஆசிரியர் அறையே சிரித்தது. எனக்குச் சுருக்கென்றது.

அந்த வாரமே, உடன் பயின்றவரை மதிப்பிடும் படிவம் வந்தது. பெயர் எழுத வேண்டியதில்லை. பசி வேறு. நின்றுகொண்டே எழுதினேன்: 'மிகவும் மெதுவானவர். முடிவெடுக்கத் தெரியவில்லை. முதல்வர் பொறுப்புக்குப் பரிந்துரைக்க இயலாது.' இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் அது, மதிப்பீடு இல்லை.

பரிந்துரைப் பட்டியலில் என் பெயர் இருந்தது, அவர் பெயர் இல்லை. அடி அண்ணாமலைப் பக்கம் ஒரு பள்ளியில் நான் முதல்வரானேன். வாழ்த்துச் சொல்ல முதலில் கூப்பிட்டவர் டீச்சர்தான். கடைசியில் கொஞ்சம் தயங்கிவிட்டுக் கேட்டார்: "முடிவெடுக்கறதுல நான் ரொம்ப ஸ்லோன்னு எழுதியிருக்காம். கூடவே இருந்தீங்களே, நெஜமாவா சார்?"

எதையும் முகத்துக்கு நேரே சொல்பவன் என்று பெருமையடித்துக்கொள்ளும் நான் சொன்னது இதுதான்: "அதெல்லாம் சும்மா எழுதுவாங்க டீச்சர், விடுங்க."

அவர் விடவில்லை. அதை அவர் கணவர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். திங்கட்கிழமை வீட்டுக்குப் போயிருந்தேன். பாய் என் கையைப் பிடித்து உட்கார வைத்தார்.

"நீங்கதானா தம்பி அது? உங்கள பத்தி ஜாஸ்தி சொல்லுவாங்க. மூளக்காரருன்னு." டீ கிளாஸை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "அடுத்த வருஷம் மறுபடி எழுதிப் போடறேன்னு இருந்தாங்க. சீக்கிரம் முடிவெடுக்கப் பழகறாங்களாம். இன்னிக்கு இன்னா கொழம்புன்னு கேட்டாகூட கடிகாரத்தப் பாத்துகினே டக்குனு சொல்லுவாங்க. 'அஞ்சு செகண்டு, பாஸா?'ன்னு கேப்பாங்க. நாங்க அப்படி சிரிப்போம் தம்பி."

சொல்லிவிட்டு அப்போதும் சிரித்தார். டீயைக் குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

படிவத்தில் எழுதாத பெயரை இங்கே எழுதுகிறேன். அந்த மூன்று வரிகளை எழுதியவன் நான், இளங்கோவன். இதன் முதல் பிரதி பாய் கைக்குப் போகிறது. நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். அவர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன்.

என் பள்ளியில் அந்தப் புரோகிராம் இன்னும் ஓடுகிறது. எந்த ஆசிரியர் வீட்டில் யாருக்கு ஜுரம் என்று எனக்குத் தெரியாது.

டீச்சர், கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். நிதானமாகப் போய் வாருங்கள்.