பஸ் நிறுத்தத்தில் ஓர் இளவரசி

புது ஃபிளெக்ஸ் பேனருக்கென்று ஒரு வாடை உண்டு. வெயில் ஏற ஏற மண்ணெண்ணெயும் ரப்பரும் கலந்தாற்போல் மூக்கில் ஏறும். திருப்பரங்குன்றத்தில் எங்கள் தெருமுனை பஸ் நிறுத்தத்தில், அந்த வாடையோடு என் அக்கா செல்வி ஆளுயரத்துக்கும் மேலாக நின்றாள், கையில்லாத நீலக் கவுனும் தலையில் கிரீடமுமாக.

முகம் மட்டும்தான் அவளுடையது. உடம்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் டிவியில் பார்த்த, தமிழ் பேசும் கார்ட்டூன் இளவரசிகளில் ஒருத்தியுடையது. அந்தப் படங்களில் யாராவது ஓர் இளவரசி தூங்கிக்கொண்டே இருப்பாள். இளவரசன் வந்து அரக்கனை வெட்டிவிட்டு அவளை எழுப்புவான். "தூங்குறதுக்கு எதுக்குடி இம்புட்டு நகை?" என்று கேட்டுவிட்டு, விளையாட்டில் அக்கா எப்போதும் அரக்கன் வேஷத்தையே எடுத்துக்கொள்வாள். அவள் போடும் கூச்சலில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் நிஜமாகவே அழுததுண்டு. எனக்கு அவளைவிடப் பெரிய கதாநாயகி கிடையாது.

ஒன்பதாம் வகுப்பில் அவள் "பெரிய மனுஷி" ஆனாள். அன்றிலிருந்து வாசலில் நிற்கக்கூடாது, சத்தமாகச் சிரிக்கக்கூடாது, ஜன்னலோரம் தலை சீவக்கூடாது. "நாலு பேரு பார்வை படக்கூடாது" என்று அம்மா நாளெல்லாம் சொல்லிக்கொண்டிருந்த அதே வாரத்தில்தான், எங்கள் தாய்மாமன் தங்கராசு சடங்குக்காக அந்தப் பேனரை கோரிப்பாளையத்தில் அடித்து வந்தார். இளவரசிக்குப் பக்கத்தில் வாளோடு மாமாவே இளவரசனாக நின்றார். கீழே அக்காவின் பெயர், வகுப்பு, எங்கள் தெருவின் பெயர் எல்லாம் கொட்டை எழுத்தில். "கலக்கிட்ட மாப்ள" என்றார் அப்பா. நாலு பேர் பார்வை படக்கூடாத பெண்ணை ஊரே நின்று பார்த்துவிட்டுப் போனது.

சடங்கு முடிந்து பள்ளிக்குப் போன முதல் நாளே பஸ்ஸில் பையன்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "இளவரசி எந்திரிச்சாச்சா?" என்று கேட்டிருக்கிறார்கள். ஒருவன் வீடு வரைக்கும் பின்னாலேயே வந்தான். அப்பா அவனை ஒன்றும் கேட்கவில்லை, அக்காவிடம்தான் கேட்டார், "ஒன் பேரு அவனுக்கு எப்புடித் தெரியும்?" அவள் தெருமுனையைக் கைகாட்டினாள். கன்னத்தில் அறை விழுந்தது. மறுநாளிலிருந்து அவளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அவளுடைய சீருடையை என் அளவுக்குப் பிடித்துத் தைத்தார்கள். பேனரை மட்டும் யாரும் கழற்றவில்லை.

பிறகு மாமாவுக்கே அவளைக் கட்டிவைத்தார்கள். இப்போது மேலூரில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை டிவி முன்னால் அடித்துப்பிடித்து உட்காரும் பிள்ளைக் கூட்டம் இன்று எந்த வீட்டிலும் இல்லை, ஆளுக்கொரு செல்போன். போன மாதம் நான் போயிருந்தபோது அக்காவின் மகள் ஒரு கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் இளவரசி தானே வாளெடுத்தாள், தனியாகக் கடல் தாண்டினாள், கல்யாணமே வேண்டாம் என்றாள்.

"பாத்தியாக்கா, காலம் எம்புட்டு மாறிருச்சு" என்றேன் சந்தோஷமாக.

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. தெருவையே நடுங்கவைத்த அந்தக் குரலை அவளிடம் கேட்டு வெகுகாலமாயிற்று. மெல்லத்தான் சொன்னாள்:

"கடலெல்லாம் தாண்டட்டும்டி. ஒரு பொம்பளப்புள்ள தெனமும் பஸ்ஸு ஏறிப் பள்ளிக்கூடம் போயி, பன்னெண்டாவது முடிச்சுட்டு வார மாதிரி ஒரு படம் வந்தா சொல்லு. பாக்குறேன்."