பிடியக்காவின் பூனை

விலங்குகள் மீட்பு நிலையத்தில் அவளுக்குப் பிடியக்கா என்று பெயர். டாக்டரம்மா ஊசி போடும்போது நாயையோ பூனையையோ அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் வேலை. சாக்கில் கட்டித் தூக்கிவந்த முரட்டுக் கடுவன் பூனைகூட அவள் கை பட்டால் இரண்டு உறுமலோடு அடங்கிவிடும். தெருவில் தடுப்பூசி முகாம் நடந்தால், வெறிநோய் வந்தபிறகு மருந்தே கிடையாது, முன்கூட்டிப் போடும் ஊசிதான் வழி என்று வீடு வீடாகச் சொல்லிவிட்டு வருவதும் அவள்தான்.

அப்படிப்பட்டவளை அவள் வீட்டுப் பூனை மதிக்கவில்லை.

துரை என்று பெயர். குட்டியாகச் சாக்கடையோரம் கிடந்ததை எடுத்துவந்து, பஞ்சில் பால் நனைத்து ஊட்டி, கண்பீளை துடைத்து ஆளாக்கியவள் அவள். சாப்பாடும் அவளிடம்தான். தின்று முடித்ததும் மீசையை நக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிவிடும். மாடியில் கொழுந்தன் குடித்தனம். கொழுந்தன் பெண்டாட்டி தையல் மெஷினில் உட்கார்ந்திருப்பாள். துரை அவள் மடியில் போய்ச் சுருண்டுகொள்ளும். சின்னவள் அதற்காக ஒரு துரும்பைக்கூடக் கிள்ளிப் போட்டதில்லை. வா என்றுகூடக் கூப்பிடமாட்டாள். அதுதான் மூத்தவளான பிடியக்காவுக்கு வயிற்றெரிச்சல்.

"அக்கா, உங்க துரைக்கு என்னை விட்டா நாதியில்ல போல," என்று சின்னவள் சிரிப்பாள். மூத்தவளும் சிரித்துவைப்பாள். கீழே வந்து பாத்திரங்களைக் கொஞ்சம் சத்தமாகக் கழுவுவாள். பூனைக்காகச் சக்களத்திச் சண்டையா என்று ஒருநாள் புருஷன் கேட்டான். அன்று அவன் தட்டில் மட்டும் உப்பு கூடிவிட்டது.

காரணம் அவளுக்குத் தெரியாததல்ல. பூச்சி மருந்து புகட்டுவது, காதில் சொட்டு விடுவது, வருஷா வருஷம் பிடரியைப் பிடித்து ஊசிக்குக் கொடுப்பது எல்லாம் அவள் கை. சின்னவள் கை தடவிக்கொடுப்பதோடு சரி.

அந்த வருஷம் ஊசித் தவணை வந்தபோது, ஒரு தடவையாவது கெட்ட பேர் மாடிக்குப் போகட்டும் என்று தோன்றியது. "இந்த வாட்டி நீயே தூக்கிட்டு வந்துடு. உன்கிட்டதானே கிடக்குது," என்றாள். வீட்டுக்குள்ளேயே இருக்கும் பூனைக்கு என்ன வந்துவிடப் போகிறது, அப்புறம் பார்க்கலாம் என்றாள் சின்னவள். முகாமில் யாராவது இப்படிச் சொல்லியிருந்தால் பிடியக்கா விடாமல் பேசித் தீர்த்திருப்பாள். இங்கே வாயை மூடிக்கொண்டாள். ஊசியில்லாத அந்த மாதங்களில் துரை ஓரிரு முறை அவள் காலடியில் வந்து படுத்தது. அவளுக்கு அது போதுமாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கேட் திறந்து கிடந்தது. வாய் பிளந்து, எச்சில் வடிய, தள்ளாடியபடி ஒரு நாய் நுழைந்து, வெயில் காய்ந்துகொண்டிருந்த துரையின் பின்னங்காலைக் கவ்வியது. மூத்தவள் ஓடி வருவதற்குள் சின்னவள் துடைப்பத்தால் நாயை விரட்டிவிட்டுப் பூனையை வாரி எடுத்திருந்தாள். வலியில் அது அவள் மணிக்கட்டைக் கடித்துக் கிழித்துவிட்டது.

நாயின் நடையைப் பார்த்ததுமே மூத்தவளுக்குப் புரிந்துபோயிற்று. துரையைத் துண்டில் சுற்றிக் கூடைக்குள் மூடினாள். சின்னவளைக் குழாயடிக்கு இழுத்துப்போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினாள். போதும் போதும் என்றபோதும் கால் மணி நேரம் கையை விடவில்லை.

"நம்ம துரைதானேக்கா கடிச்சது," என்றாள் சின்னவள்.

"அந்த நாயோட எச்சி அது மேலெல்லாம் இருக்கு. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு."

"அப்ப துரைக்கு?"

"தெரியல. இந்த வருஷம் ஊசி போடலையே."

சின்னவள் அவளையே பார்த்தாள். "நீங்க ஒரு வார்த்தை அழுத்திச் சொல்லியிருந்தா தூக்கிட்டு வந்திருப்பேன்."

மூத்தவள் குழாயை மூடினாள். 

நிலையத்து ஆட்கள் வலை வீசிப் பிடித்த நாய் மறுநாளே செத்தது. பரிசோதனையில் வெறிநோய்தான் என்று உறுதியானது. சின்னவளுக்குக் காயத்தைச் சுற்றியும் தோள்பட்டையிலும் ஊசி போட்டார்கள். மற்றத் தவணைகளுக்கும் மூத்தவளே கூடப் போனாள். துரைக்கும் ஊசி போட்டு நிலையத்தின் தனி அறையில் அடைத்தார்கள். அங்கே பணியாளர்களைத் தவிர யாரும் போகக்கூடாது. ஆக, பூனை முழுக்க முழுக்க மூத்தவளுக்கே என்றாயிற்று.

அது மூலையில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டது. "டேய், நான்தாண்டா," என்றாள். காதுகூட அசையவில்லை.

அன்று சாயங்காலம் படியில் காத்திருந்த சின்னவள், "என்னைத் தேடுதாக்கா?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்ல நாக்கு துடித்தது.

"தேடுது," என்றாள் மூத்தவள்.

சில மாதம் கழித்து, இனி பயமில்லை என்று டாக்டரம்மா துரையை வெளியே விட்டார். லேசான நொண்டல் மட்டும் மிச்சம்.

அடுத்த முகாமுக்குச் சின்னவள் தானாகவே கிளம்பி வந்தாள். தழும்பைக் காட்டி, பூனைக்கு எதுக்கு ஊசி என்று தான் அசட்டையாக இருந்ததையும் அப்புறம் பட்ட பயத்தையும் அவள் சொல்லச் சொல்ல, பிடியக்காவைப் பார்த்ததும் கதவைச் சாத்துகிறவர்கள்கூடப் பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். "இவங்களை முன்னாடியே கூட்டிட்டு வந்திருக்கலாமே," என்றார் டாக்டரம்மா, எல்லோர் காதிலும் விழ.

மூத்தவள் வரிசையில் முதலில் வந்த பூனையைப் பிடித்தாள். பிடி கொஞ்சம் இறுகிவிட்டது போலிருக்கிறது, அது கத்தியது. விரல்களைத் தளர்த்தி, "சரி சரி," என்று அதன் காதோரம் சொல்லிவிட்டு, ஊசிக்கு நீட்டினாள்.